முகமும் சொல்லும்

இன்று நம் இல்லங்களில் அடிக்கடி எழும் வழக்குகளுள் பாட்டைப் பற்றியதும் ஒன்று. மகனோ மகளோ இயர்போனைச் செவியில் செருகிக்கொண்டு தலையை அசைக்கின்றனர். ஒலி சற்றே வெளியே கசிந்ததும் தந்தையார் முகம் சுளிக்கின்றார். "இது பாட்டா, பேச்சா? இராகம் எங்கே? மூச்சு விடாமல் ஒருவன் ஏன் இப்படிக் கத்துகிறான்?" என்று வினவுகின்றார். பிள்ளைகள் பதில் சொல்வதில்லை, ஒலியைக் குறைத்துக்கொள்கின்றனர். வழக்கு அத்துடன் முடிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது முடியவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு செவிகள் பிரிந்துவிட்டன, அவ்வளவே.

இந்த 'ராப்' என்னும் பாட்டுவகையை முழுவதும் புகழவோ, முழுவதும் பழிக்கவோ நாம் முற்படவில்லை. ஒரு கலைஞனின் முதல் ராப் இசைத்தொகுப்பு வெளிவரும்போது அதை எவ்வாறு எடைபோடுவது என்ற ஒரே கேள்வியை மட்டும் இம்மாதம் எடுத்துக்கொள்வோம். தொலைக்காட்சியில் பழகிய முகம் ஒன்று பாட வருவதும் உண்டு. எவரும் அறியாத தெருவிலிருந்து ஒரு குரல் எழுவதும் உண்டு. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று தெளிவாகும்.

பேச்சா, பாட்டா?

முதலில் தந்தையாரின் கேள்விக்கு விடை காண்போம். ராப் என்பது தாளத்தில் ஏறிய பேச்சு. மெட்டு அதற்கு முதன்மையன்று, சொல்லே முதன்மை. அது பிறந்த இடம் அமெரிக்காவின் நியூயார்க் நகரைச் சேர்ந்த பிராங்க்ஸ் பகுதி. 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், அங்கே ஒரு குடியிருப்பில் நடந்த விருந்தொன்றில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர் இசைத்தட்டுகளின் தாளப்பகுதியை மட்டும் நீட்டி நீட்டி ஒலிக்கச் செய்தார். அந்தத் தாளத்தின்மீது பேச்சு ஏறிக்கொண்டது. ஏழைக் கறுப்பின மக்களும் குடியேறியோரும் வாழ்ந்த பகுதி அது. வாத்தியம் வாங்கவும் சங்கீதம் பயிலவும் வசதியில்லாதவர்களிடம் இருந்த ஒரே மூலதனம் வாய்மொழி. அதையே அவர்கள் கலையாக்கினர். 2018-இல் கென்ட்ரிக் லாமர் என்ற ராப் கலைஞரின் தொகுப்புக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. தெருவில் பிறந்த கலை 45 ஆண்டுகளில் அறிஞர் அவையில் அமர்ந்தது.

நமக்கு இது முற்றிலும் புதியதா என்றால், அன்று. ஆங்கில ராப்பில் அடிகளின் இறுதியில் ஒலி ஒத்துவர வேண்டும். அதைத் தமிழ் இலக்கணம் இயைபு என்று கூறும். தமிழிலோ முதலெழுத்து ஒன்றி வரும் மோனையும், இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகையும் நம் பழமொழிகளிலேயே ஊறிக் கிடக்கின்றன. ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு, கும்மி, ஒப்பாரி, தெருக்கூத்தில் கட்டியங்காரனின் வசனம் ஆகிய யாவும் பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட வரப்பில் நடப்பவையே. தவக்காலத்தில் ஓதப்படும் வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டவர்களுக்கும் இது விளங்கும். 18-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய அவ்வுரைநடையை, நம் மூத்தோர் புலம்பலின் நீட்டத்தோடு ஓதினர். கேட்டவர் கண்ணீர் விட்டனர். அது பாட்டா பேச்சா என்று எவரும் அன்று கேட்கவில்லை.

முகம் முந்தும்போது

இந்தியக் குடும்பங்களுள் மிகப் பல ராப்பை முதலில் கண்டது தொலைக்காட்சிப் பெட்டியிலேதான். 1990-களின் தொடக்கத்தில் செயற்கைக்கோள் அலைவரிசைகள் நம் வீடுகளுக்குள் நுழைந்த காலம் அது. லக்னோவைச் சேர்ந்த பாபா செகல் 1992-இல் வெளியிட்ட 'தண்டா தண்டா பானி' என்ற இந்தித் தொகுப்பு நாடெங்கும் பரவியது. தூர்தர்ஷனின் மெட்ரோ அலைவரிசையில் 'சூப்பர்ஹிட் முக்காப்லா' என்ற நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவரும் அவரே. வேடிக்கையான உடை, வேடிக்கையான பேச்சு, எவரும் உடனே அடையாளம் காணும் முகம் ஆகிய மூன்றும் அவரிடம் இருந்தன.

அந்தத் தலைப்புப் பாடலின் வரலாறு கவனிக்கத்தக்கது. அது அமெரிக்கரான வெனிலா ஐஸ் 1990-இல் பாடிய 'ஐஸ் ஐஸ் பேபி'யைத் தழுவியது. அந்தப் பாடலின் அடிநாதமோ, 'குவீன்' குழுவும் டேவிட் போவியும் 1981-இல் வெளியிட்ட வேறொரு பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. கடன் வாங்கியவரிடம் கடன் வாங்கிய கதை இது. அதனால் பாட்டு சுவையற்றுப் போகவில்லை. மக்கள் மகிழ்ந்து ஆடினர். எனினும், லக்னோ நகரத்துத் தெரு எதையும் அப்பாட்டில் நாம் காண இயலாது. முகம் நம்முடையதாக இருந்தது. சொல் கடனாக வந்தது.

முகத்தோடு வந்தவர் எல்லாரும் சொல்லற்றவர் என்றும் முடிவுகட்டலாகாது. அமெரிக்காவில் டொனால்ட் குளோவர் என்பவர் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களுக்கு எழுதியும், 2009 முதல் 'கம்யூனிட்டி' என்ற தொடரில் நடித்தும் புகழ்பெற்றவர். 2011 நவம்பரில் 'சைல்டிஷ் காம்பினோ' என்ற புனைபெயரில் 'கேம்ப்' என்னும் முதல் ராப் தொகுப்பை முறையாக வெளியிட்டார். "நகைச்சுவை நடிகருக்கு இது ஏன்?" என்று கேட்டோர் உண்டு, கடுமையாகச் சாடிய திறனாய்வாளரும் உண்டு. அவர் விடவில்லை. 2018-இல் துப்பாக்கி வன்முறையையும் நிறவெறியையும் பற்றி அவர் வெளியிட்ட 'திஸ் இஸ் அமெரிக்கா' என்ற பாடல், மறு ஆண்டு கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த பாடல், ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு ஆகிய இரு பெரும் பரிசுகளையும் பெற்றது. ராப் பாடல் ஒன்று அவ்விரு பரிசுகளையும் வென்றது அதுவே முதன்முறை.

இவ்விரு எடுத்துக்காட்டுகளும் நமக்கு உணர்த்துவது யாது? புகழ்பெற்ற முகம் கதவைத் திறக்கும். ஆனால் உள்ளே போய் அமர்ந்த பின், பேசுவதற்கு ஒருவரிடம் சொந்தச் சொல் இருக்க வேண்டும். முதல் தொகுப்பை முகம் விற்றுத் தரலாம். கலைஞனைக் காலத்தில் நிறுத்துவது சொல்லே.

தமிழில் வந்த வழி

தமிழில் ராப் முதலில் திரைப்படத்தின் தோளேறி வந்தது. 1994-இல் வெளிவந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாடலை நடுவயதினர் மறந்திருக்கமாட்டார்கள். ஏ. ஆர். ரகுமானின் இசையில், சுரேஷ் பீட்டர்ஸ், சாகுல் ஹமீது ஆகியோருடன் தேனி குஞ்சரம்மாளும் அதில் பாடினார். நாட்டுப்புறப் பாட்டிசைக்கும் மூதாட்டி ஒருவரின் குரல், தமிழ் ராப்பின் தொட்டிலருகே நின்றது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

அடுத்த பெரும் அடியை வைத்தவர்கள் மலேசியத் தமிழர்கள். யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' 2006-இல் வெளிவந்தது. திரைப்படத்தைச் சாராமல், தொகுப்பாகவே தமிழ் ராப் நிற்க முடியும் என்பதை அது காட்டியது. 2012-இல் ஆதி, ஜீவா ஆகிய இருவரின் 'ஹிப்ஹாப் தமிழன்' தமிழகத்திலிருந்து வந்தது. இதே இருவர் 2011-இல் வானொலி வழியாகப் புகழ்பெற்ற ஒரு பாடலில், மதுக்கூடத்திற்குச் செல்லும் பெண்களைப் பழித்தனர் என்ற கண்டனம் எழுந்தது. 2017-இல் சல்லிக்கட்டுக்காக இளைஞர் திரண்டபோதோ, அவர்களுடைய 'டக்கரு டக்கரு' பலருடைய வாயிலும் ஒலித்தது. ஒரே வாயிலிருந்து தூற்றலும் வரும், துணிவும் வரும் என்பதற்கு இது சான்று. ஆகவே 'ராப் நல்லதா கெட்டதா' என்று கேட்பது, 'பேச்சு நல்லதா கெட்டதா' என்று கேட்பதற்கு ஒப்பாகும். எந்தப் பேச்சு என்பதே கேள்வி.

நம் மாவட்டத்திலிருந்து ஒரு குரல்

இனி நமக்கு மிக அண்மையிலுள்ள எடுத்துக்காட்டுக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. அரக்கோணமும் அதனுள் அடங்கியது. அதே ஆண்டில் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு என்ற இளைஞர், ஆஃப்ரோ என்னும் இசைக்கலைஞருடன் இணைந்து 'தெருக்குரல்' என்ற முதல் தொகுப்பை வெளியிட்டார். தொலைக்காட்சியால் வளர்க்கப்பட்ட முகமன்று அவருடையது. பொறியியல் படித்தவர், கவிதை எழுதியவர். 2018 சனவரியில் சென்னையில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்திய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழுவில் பாடியவர். இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால் உருவாகி, கானாவையும் ராப்பையும் பறையையும் கிதாரையும் ஒரே மேடையில் நிறுத்திய குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து பெற்றதே அக்குழுவின் பெயர்.

'தெருக்குரல்' என்ற தலைப்பைச் சற்றே உச்சரித்துப் பாருங்கள். திருக்குறள் நம் நாவில் வந்து நிற்கும். திருவிடத்தில் தெரு நிற்கின்றது. குறளிடத்தில் குரல் நிற்கின்றது. மூன்றே எழுத்து மாற்றத்தில், ஏடறிந்தவரின் நூலுக்குப் பக்கத்தில் ஏடறியாதவரின் வாய்மொழிக்கும் ஓர் இருக்கை போடப்படுகின்றது. அத்தொகுப்பின் பாடல்கள் இனிமையானவை என்று நாம் கூறமாட்டோம். அவை சினம் கொண்டவை. சாதியின் பெயரால் நடக்கும் இழிவை, அதைக் கண்டும் வாய்மூடி நிற்பவரை, மாற்றுக் கருத்துடையோரைத் தேசவிரோதி என்று முத்திரை குத்தும் வழக்கத்தை அவை நேருக்கு நேர் கேட்கின்றன. அக்கருத்துகள் அனைத்தையும் ஏற்போரும் இருப்பர், மறுப்போரும் இருப்பர். ஆனால் கேட்பவர் எவரும், "இது எங்கிருந்தோ கடன் வாங்கிய சொல்" என்று கூற இயலாது. அரக்கோணத்துப் பேச்சு அதில் இருக்கின்றது. அங்கு வாழும் எளியவரின் வலி அதில் இருக்கின்றது.

பின்னர் திரையுலகம் அவரை அழைத்தது. 2021-இல் வெளியான 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு' பாடலைப் பாடாத பள்ளிப் பிள்ளைகள் நம் ஊர்களில் குறைவு. அதை எழுதிப் பாடியவர் நம் மாவட்டத்து இளைஞர் என்பதை அறிந்தவர்களோ அதனினும் குறைவு.

பாட்டியின் வழி

அறிவின் சொல்லுக்கு ஊற்று எங்கே என்று தேடினால், ஒரு மூதாட்டியிடம் போய் நிற்கிறோம். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். அவர் சொன்ன கதைகளும் பாடிய பாட்டுகளும் பேரனின் சொல்லில் வேர்விட்டன. 2021 மார்ச் 7-ஆம் நாள் வெளியாகி, உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்ட 'எஞ்சாயி எஞ்சாமி' பாடல் அவ்வேரில் பூத்ததே. சந்தோஷ் நாராயணன் இசையமைக்க, அறிவு எழுத, தீயும் அறிவும் பாடினர். 'என் சாமி' என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் விளியே தலைப்பாயிற்று. மகிழ்ச்சியான ஆட்டப்பாட்டு என்று எண்ணி நம் இல்ல விழாக்களிலும் அதை ஒலிக்கச் செய்தோம். அதனுள் நிலமற்றவரின் புலம்பல் ஒன்று இருப்பதை எத்தனை பேர் செவிமடுத்தோம்?

அப்புலம்பலின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவது நம் கடன். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளையரின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து ஏழை மக்கள் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஏறத்தாழ 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவாயிற்று. 1974-இல் அந்த 1,50,000 பேரையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. சந்தையில் சரக்கைப் பங்கிடுவதுபோல மனிதர் பங்கிடப்பட்டனர். எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பின் எங்கெங்கோ சிதறினர் அம்மக்கள். நீலகிரியில் அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. எல்லாருக்கும் அந்த வேலை கிட்டவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு மலையைத் தோட்டமாக்கியவர்கள், ஒரு பெட்டியையும் ஒரு குடும்ப அட்டையையும் ஏந்தி வந்தனர். அவர்கள் கொண்டுவந்தவற்றுள் சுங்கத்தில் எவரும் சோதிக்காத ஒன்று இருந்தது, அது பாட்டு. வள்ளியம்மாள் கொண்டுவந்ததும் அதுவே. 2024-இல் வெளியான அறிவின் தொகுப்பு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயர் பெற்றது. புகழ் வந்த பின்னும் தன் முகவரியை ஒருவர் பாட்டியின் பெயரால் எழுதுவது நம் காலத்தில் அரிது.

யாருடைய பெயர்?

இவ்விடத்தில்தான் முகத்துக்கும் சொல்லுக்கும் உள்ள வழக்கு முற்றுகின்றது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' என்ற ஆங்கில இசையிதழ், 'எஞ்சாயி எஞ்சாமி', 'நீயே ஒளி' ஆகிய பாடல்களின் புகழைச் சொல்லி ஓர் அட்டைப்படம் வெளியிட்டது. அப்படத்தில் தீயும், ஷான் வின்சென்ட் டி பால் என்ற கனடாத் தமிழ்க் கலைஞரும் இருந்தனர். இரு பாடல்களையும் எழுதிய அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் முதலியோர் இதைப் பொதுவில் கண்டித்தனர். பின்னர் அவ்விதழ் அறிவின் படத்தைத் தாங்கிய மின் அட்டை ஒன்றையும் வெளியிட்டது.

மறு ஆண்டு, 2022 சூலை 28-ஆம் நாள், சென்னையில் நடந்த 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழாவில் அப்பாடல் மீண்டும் ஒலித்தது. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினர். அறிவு மேடையில் இல்லை. சில நாட்களில் அவர், இப்பாடலின் சொற்கள் தம்முடையவை, தம் முன்னோரின் வாழ்விலிருந்து வந்தவை, தம் உழைப்பால் ஆனவை என்று பொதுவில் எழுதினார். இசையமைப்பாளரோ, அது கூட்டுழைப்பால் ஆனது என்றும், அறிவின் பங்கைத் தாம் எங்கும் மறைத்ததில்லை என்றும், விழாவின்போது அறிவு வெளிநாட்டில் இருந்தார் என்றும் விளக்கமளித்தார். தீயும் அவ்வாறே தம் விளக்கத்தைத் தந்தார். 2024 மார்ச்சில் இன்னொரு செய்தியும் வந்தது. அத்தனை கோடிப் பேர் கேட்ட பாடலிலிருந்து கலைஞர்களுக்கு வருவாய் ஏதும் வந்து சேரவில்லை என்று இசையமைப்பாளரே வெளிப்படையாகக் கூறினார்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. ஒரு பாட்டு பலரால் ஆவது. மெட்டமைப்பவர், பாடுபவர், தாளமிடுபவர் என்று எல்லாருக்கும் அதில் பங்குண்டு. ஆயினும், இதில் நாம் காண வேண்டிய பொதுவான நீதி ஒன்று உள்ளது. உழைத்தவனுக்குரிய கூலியை நிறுத்திவைப்பது வானகத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்று சிறுவயதிலேயே ஞானோபதேசத்தில் பயின்றவர்கள் நாம். கூலி என்பது பணம் மட்டுமன்று; பெயரும் கூலியே. நாற்று நட்டவளின் பெயர் நெல் மூட்டையில் இல்லை. தேயிலை கிள்ளியவளின் பெயர் தேயிலைப் பொட்டலத்தில் இல்லை. அவளுடைய பாட்டாவது அவளுடைய வழித்தோன்றலின் பெயரோடு நிற்கட்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

தோல் நகரங்களின் பாட்டு எங்கே?

வாசகப் பெருமக்களே, இதுவரை கூறியவை எல்லாம் பிறர் கதை என்று விட்டுவிடலாகாது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பகுதியில் அமைந்த நம் ஊர்களின் தோல், உலகெங்கும் காலணியாகவும் கைப்பையாகவும் நடமாடுகின்றது. அப்பொருள்களில் அயல்நாட்டு வணிகரின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலை அலசியவரின் பெயரோ, விடியலில் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நின்று, பகல் முழுதும் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்த நம் சகோதரியின் பெயரோ அங்கே இல்லை.

1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், தோல் கழிவுகளால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதை எடுத்துரைத்து, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்திற்கே அது ஒரு மைல்கல். 2015 சனவரி 31-ஆம் நாள் இரவில், ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் கழிவுச் சேற்றில் மாண்டனர். பிழைப்பு நாடி வடமாநிலத்திலிருந்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். தீர்ப்பைச் சட்டப் புத்தகம் காக்கும். விபத்தைப் பழைய நாளிதழ் காக்கும். அந்த இரவின் துயரை எது காக்கும்? பாட்டு அன்றோ காக்க வேண்டும்?

பிராங்க்ஸ் தெருவில் வாழ்ந்தவர்கள் தம் தெருவைப் பாடினர். அரக்கோணத்து இளைஞர் தம் பாட்டியைப் பாடினார். நம் இல்லத்து இளைஞன் இயர்போனைச் செருகிக்கொண்டு தாளம் போடுகையில், அவன் உள்ளத்திலும் ஒரு சொல் முளைக்கக்கூடும். அச்சொல் எங்கிருந்தோ வந்த மதுவையும் மகிழுந்தையும் பெண்ணிழிவையும் பற்றியதாக இருக்குமா, தன் தாயின் கைத்தழும்பைப் பற்றியதாக இருக்குமா என்பது, அவனுக்கு நாம் எதைச் சொல்லி வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. தாயின் கதையை அறியாத பிள்ளை எவ்வாறு அதைப் பாடுவான்?

செய்யத்தக்கவை

ஆதலின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கேட்கும் பாட்டைத் தடை செய்வதற்கு முன், ஒரு முறையேனும் அவர்களோடு அமர்ந்து முழுவதும் கேளுங்கள். தாளத்தின் வேகத்தில் சொற்கள் பிடிபடாவிடின், அவர்களையே மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். இச்சொல் யாருடையது? இது யாரை உயர்த்துகிறது, யாரைத் தாழ்த்துகிறது? இதை ஆக்கியவருக்கு உரிய பெயரும் ஊதியமும் கிடைத்தனவா? பெண்ணை இழிவு செய்யும் பாட்டு, குடியைக் கொண்டாடும் பாட்டு, வெறும் பகட்டைப் பாடும் பாட்டு ஆகியவை இரண்டாம் கேள்வியைத் தாங்கமாட்டா. நீங்கள் கடிந்துகொள்ளாமலே பிள்ளைகள் அதை உணர்வர். தாங்கி நிற்கும் பாட்டு கிடைத்தால், அது உங்கள் இராகத்திற்கு ஒத்துவராவிடினும் அதற்கு இடம் கொடுங்கள்.

இளைஞருக்கும் ஒரு சொல். தொலைக்காட்சிப் போட்டியிலும் கைபேசித் திரையிலும் ஒரே இரவில் முகம் புகழ்பெறும் காலம் இது. முகம் கிடைத்தால் மறுக்க வேண்டுவதில்லை. டொனால்ட் குளோவரும் மறுக்கவில்லை. ஆனால் முதலில் சொல்லைத் தேடுங்கள். அதற்காக நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. இவ்வீட்டிலேயே கட்டிலில் அமர்ந்திருக்கும் பாட்டியார், கொழும்பிலிருந்தோ கோலாரிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். தோல் மண்டியில் கணக்கெழுதியவரின் மனைவியாக இருக்கலாம். களத்துமேட்டில் தாலாட்டும் ஒப்பாரியும் பாடியவராக இருக்கலாம். அவரிடம் கைபேசியை நீட்டி, "ஆயா, அந்தக் காலத்துப் பாட்டு ஒன்று பாடுங்கள்" என்று கேளுங்கள். பாடியதைப் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் அவர் பெயரையும் ஊரையும் நாளையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். நாளை அந்தப் பாட்டிலிருந்து நீங்கள் ஒரு ராப் கட்டினாலும், கட்டாவிட்டாலும், அந்தப் பெயர் நிற்கும்.

முதியோர் பாட்டு அவர்களோடு கல்லறைக்குப் போவதற்கு ஓர் இரவு போதும். அதை மீட்டுக் கொணர நூறு ஆண்டும் போதா. ஆகவே அடுத்த ஞாயிறு மாலை தொலைக்காட்சிப் பெட்டியை ஒரு மணி நேரம் அணைத்துவைப்போம். வீட்டிலுள்ள மூத்தவரைப் பாடவிட்டு, சிறியவரைக் கேட்கவைப்போம்.